ஐபி ஒலிபெருக்கி போடப்போகிறோம்: ஸ்பீக்கர் வாங்க முதல் நெட்வொர்க்குக்கு என்னென்ன வேண்டும்?

#1 குளக்கட்டு

வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ9 வீதியிலிருந்து உள்ளே இறங்கிப் போகிற ஒரு பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். பாடசாலையின் பெயர் இப்போதைக்கு வேண்டாம். ஏழு கட்டடம். நிதி வந்த நேரத்தில், இடம் இருந்த மூலையில் ஒவ்வொன்றாக எழும்பியவை, அதனால் ஒன்றுக்கொன்று நல்ல தூரம். அலுவலகத்திலிருந்து ஆரம்பப் பிரிவு வரை நாடா பிடித்து அளந்தோம், 340 மீற்றர்.

இப்போது இருப்பது பழைய 100 வோல்ட் அம்பிளிபயர் ஒன்றும் இரண்டு ஹோர்னும். ஒன்று அலுவலகக் கூரையில், மற்றது திடல் ஓரத்துப் பனையில். போன கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. குளத்தின் வான் கதவு திறக்கப் போகிறார்கள், பிள்ளைகளை நேரத்தோடு அனுப்புங்கள் என்று காலை பத்து மணிபோல் அழைப்பு வந்தது. கரண்ட் இல்லை, அம்பிளிபயர் சும்மா கிடக்கிறது. தரம் 10 பெடியன் ஒருவனைச் சைக்கிளில் ஆரம்பப் பிரிவுக்கு விட்டோம். தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் அவன் வாசலில் நின்று கத்தியது உள்ளே ஒருவருக்கும் கேட்கவில்லை. வகுப்பு வகுப்பாக ஏறி, ஒவ்வொரு ரீச்சரின் காதுக்குக் கிட்டப் போய்ச் சொல்லி முடிக்க அரை மணித்தியாலம் போய்விட்டது. கடைசியாக வெளியே வந்த பிள்ளைகள் பின்வாசல் தாழ்வில் முழங்கால் தண்ணீருக்குள்ளால் போனார்கள். ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்கள் உதவ வந்திருக்கிறார்கள். 40 ஐபி ஸ்பீக்கர் (கணினி நெட்வொர்க் கேபிளாலேயே சத்தத்தை வாங்குகிற ஸ்பீக்கர்), வகுப்புக்கு ஒன்று என்பது அவர்கள் எண்ணம். ஒரு நிறுவனம் விலைப்பட்டியல் தந்தது. அதில் ஸ்பீக்கர் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது, கடைசியில் "நெட்வொர்க் வேலைகள்" என்று ஒரே ஒரு வரி. அந்த வரிக்குள் என்ன இருக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எங்களிடம் இருப்பது கணினி அறையில் ஒரு சாதாரண 24 போர்ட் சுவிட்ச் (கணினிக் கேபிள்களை ஒன்றுசேர்க்கிற பெட்டி), அலுவலகத்தில் ஒரு ரவுட்டர், அவ்வளவுதான்.

#2 வயர்க்கட்டு

சேர், அந்த ஒரு வரிதான் முழு வேலையும். விலைப்பட்டியலைத் திருப்பிக் கொடுத்து அதை விரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

முதலில் தூரம். ஈதர்நெட் செம்புக் கேபிள் 100 மீற்றருக்கு மேல் போகாது, அதிலும் சுவருக்குள் ஓடுவது 90, மிச்சம் 10 இரண்டு முனையிலும் செருகுகிற துண்டுக் கேபிளுக்கு. 340 மீற்றருக்குச் செம்பை நினைக்கவே வேண்டாம். கட்டடத்துக்குக் கட்டடம் பைபர்தான், அதாவது ஒளியைக் கொண்டுபோகிற கண்ணாடி நார், அதிலும் தூரத்துக்குப் போகிற சிங்கிள் மோட் வகை. பைபரைச் சுவிட்சில் செருகுகிற சாதாரண எல்எக்ஸ் மொடியூல் ஒன்றே 10 கிலோமீற்றர் தள்ளும், உங்கள் வளாகம் அதற்கு ஒன்றுமே இல்லை.

இரண்டாவது, ஸ்பீக்கருக்குக் கரண்ட். ஐபி ஸ்பீக்கர் கேபிளாலேயே கரண்ட் எடுக்கும், பிஓஇ என்பது அதுதான். 2003இல் வந்த 802.3ஏஎப் தரத்தில் சுவிட்ச் 15.4 வாட் கொடுக்கும், கேபிளில் இழந்தது போக ஸ்பீக்கருக்குக் கிடைப்பது 12.95. 2009இல் வந்த ஏடி தரத்தில் 30 கொடுத்து 25.5 கிடைக்கும். 2018இல் வந்த பிடி தரம் போர்ட்டுக்கு 90 வாட் வரை போகும். வெளியில் பூட்டும் ஹோர்னுக்கு ஏஎப் போதாமல் போகலாம், பெட்டியில் எந்தத் தரம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். 24 போர்ட் இருக்கிறது என்பதற்காக 24 போர்ட்டிலும் 30 வாட் கிடைக்கும் என்று நினைக்கக் கூடாது. சுவிட்சுக்கு மொத்தமாக ஒரு வரம்பு உண்டு, 370 வாட் என்று போட்டிருந்தால் 30 வாட் கருவி பன்னிரண்டோடு சரி.

மூன்றாவது கேபிள். இதை வாங்குகிறபோது நீங்களே கடைக்குப் போங்கள். அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசிய கேபிள் இங்கே தாராளமாக வருகிறது, சுருளில் கேட் 6 என்று அச்சடித்திருப்பார்கள். ஒரு கம்பியை எடுத்துப் பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வாங்காதீர்கள். அதற்குத் தடை கூட, பிஓஇ ஓட விட்டால் தூரத்து ஸ்பீக்கர் சத்தம் கூட்டும்போதெல்லாம் நின்று நின்று மறுபடி தொடங்கும். ஸ்பீக்கர் பழுது என்று மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

#3 முல்லைக்கரை

முல்லைத்தீவுப் பக்கம் முப்பது வருசமாக ஸ்பீக்கர் கட்டுகிறவன் நான். கோவில், கலியாணம், செத்தவீடு, விளையாட்டுப்போட்டி எல்லாம் பார்த்தாயிற்று. தம்பி, 100 வோல்ட் லைனைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

வகுப்புக்கு ஒரு ஐபி ஸ்பீக்கர் என்றால் வகுப்புக்கு ஒரு கணினி மாதிரி. நாற்பதுக்கும் முகவரி வேண்டும், மென்பொருள் புதுப்பிக்க வேண்டும், ஒன்று பழுதானால் அதே மாதிரிதான் தேட வேண்டும், ஐந்து வருசத்துக்குப் பிறகு அந்த மாதிரி வருமோ தெரியாது. 100 வோல்ட் ஸ்பீக்கர் என்பது ஒரு கூம்பு, ஒரு சிறிய டிரான்ஸ்போமர், இரண்டு வயர். எவனும் திருத்துவான்.

என் யோசனை இது. கட்டடம் வரைக்கும் ஐபி வரட்டும். கட்டடத்துக்கு ஒரு நெட்வொர்க் அம்பிளிபயர், அதிலிருந்து வகுப்புகளுக்கு 100 வோல்ட் லைன். ஆறு வகுப்புக் கட்டடத்துக்கு விறாந்தையோடு பத்து ஸ்பீக்கர், ஒவ்வொன்றும் 6 வாட் தட்டில் (டிரான்ஸ்போமரில் வாட் அளவைத் தெரிவுசெய்கிற இணைப்பு) என்றால் 60 வாட். 80 வாட் அம்பிளிபயர் வைத்தால் மூச்சு வாங்காது. சத்தம் கூடிப்போன வகுப்பில் 3 வாட் தட்டுக்கு இறக்கி விடலாம், பக்கத்து வகுப்பைத் தொட வேண்டியதில்லை. பத்து ஸ்பீக்கரையும் ஒரே வயரில் கட்டாமல் இரண்டு லைனாக, ஒன்றுவிட்டு ஒன்று மாற்றிக் கட்டுங்கள். ஒரு லைனை எலி கடித்தாலும் கட்டடம் செவிடாகாது. கட்டி முடித்ததும் தடை பார்க்க வேண்டும், சும்மா மல்ரிமீற்றர் சரியாகக் காட்டாது, இம்பீடன்ஸ் மீற்றர் வேண்டும். இரண்டு லைனும் சேர்ந்த 60 வாட்டுக்கு 167 ஓம் கிட்ட வரவேண்டும். குறைந்து 90, 80 என்று காட்டினால் எங்கோ ஷோர்ட்டோ பிழையான தட்டோ இருக்கிறது, அம்பிளிபயரைப் போடாதீர்கள்.

இன்னொன்று, ஒரு ஹோர்னைப் பெரிதாக்கித் தூரத்துக்கு அனுப்புகிற வேலை இனி வேண்டாம். தூரம் இரட்டித்தால் சத்தம் 6 டெசிபெல் இறங்கும். 340 மீற்றரில் ஆரம்பப் பிரிவுக்குக் கேட்க வேண்டுமென்று கூட்டினால் அலுவலகத்துக்குப் பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் காதைப் பொத்துவார்கள். சிறிய ஸ்பீக்கர் கனக்க, கிட்டக் கிட்ட. அதுதான் எப்போதும் சரி.

#4 பழையமாணவன்98

நான் கனடாவிலிருந்து எழுதுகிறேன், பணம் சேர்க்கிற குழுவில் ஒருவன். முல்லைக்கரை அண்ணை சொல்வது விளங்குகிறது, ஆனால் நேரடியாக ஒன்றைக் கேட்கிறேன். 40 ஸ்பீக்கர் என்று சொன்னால் எங்கள் வகுப்பு நண்பர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வார்கள், யார் எந்த வகுப்புக்குக் கொடுத்தது என்று தெரியும். மண்ணுக்குள் புதைக்கிற பைப்புக்கும் பைபருக்கும் பணம் கேட்டால் என்னவென்று சொல்லிக் கேட்பது? பைபர் இல்லாமல் வைபை மூலம் செய்ய முடியாதா? இப்போது எல்லாம் வைபையில்தானே ஓடுகிறது.

#5 வயர்க்கட்டு

அண்ணா, வைபையில் ஏன் வேண்டாம் என்பதற்கு முதல், சத்தம் நெட்வொர்க்கில் எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது விளங்கும்.

பேச்சுக்கு ஜி.722 என்கிற கோடெக் (சத்தத்தைச் சுருக்கி எண்ணாக்கும் முறை) போதும், நொடிக்கு 64 கிலோபிற். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முன்னால் வருகிற முகவரித் தலைப்புகள் எல்லாம் சேர்த்து 87 கிலோபிற் அளவில் வரும். 40 ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக அனுப்பினாலும் மூன்றரை மெகாபிற்தான், இன்றைய சுவிட்சுக்கு அது பாரமே இல்லை. ஆகவே "வேகமான நெட்வொர்க் வேண்டும்" என்று யாராவது விலை கூட்டினால் நம்ப வேண்டாம். தேவைப்படுவது வேகம் அல்ல, ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் ஒரே சொல் வருவது. அதற்குத்தான் மல்டிகாஸ்ட். ஒருவர் ஒரு தரம் அனுப்புவார், கேட்கப் பதிந்தவர்களுக்கு மட்டும் சுவிட்ச் பிரதி எடுத்துக் கொடுக்கும். 239இல் தொடங்குகிற முகவரி ஒன்று ஒரு வலயத்துக்கு. ஆரம்பப் பிரிவுக்கு ஒன்று, மேற்பிரிவுக்கு ஒன்று, எல்லோருக்கும் பொதுவாக ஒன்று, வெளி ஹோர்னுக்கு ஒன்று.

இனி வைபை. மல்டிகாஸ்டை வைபை மிகக் குறைந்த வேகத்தில்தான் அனுப்பும், போய்ச் சேர்ந்ததா என்று கேட்காது, விழுந்துபோன பொட்டலத்தைத் திருப்பி அனுப்பாது. பக்கத்தில் பிள்ளைகளின் கைத்தொலைபேசியும் அதே காற்றில். "உடனே வெளியேறவும்" என்பதில் "உடனே" மட்டும் கேட்கும். திடலுக்கு அப்பால் ஒரே ஒரு கட்டடத்துக்குப் பைபர் போடவே முடியாது என்றால் இரண்டு கட்டடத்தை வானலையால் இணைக்கிற 5 கிகாஹேட்ஸ் பிரிட்ஜ் ஒரு சோடி, நேருக்கு நேர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், இடையில் மா, வேம்பு ஒன்றும் நிற்கக் கூடாது. அதில் மல்டிகாஸ்ட் வேண்டாம், அந்தக் கட்டடத்து அம்பிளிபயருக்கு மட்டும் தனியாக யூனிகாஸ்டில் அனுப்புங்கள்.

மல்டிகாஸ்டில் ஒரு பொறி இருக்கிறது, அதில் நானே விழுந்தேன், அதனால் விரிவாக எழுதுகிறேன். வவுனியாப் பக்கம் ஒரு வளாகத்தில் ஸ்பீக்கர் எல்லாம் பூட்டி, சுவிட்சைப் போட்டு, உடனே மைக்கில் பேசினோம். எல்லா இடத்திலும் தெளிவாகக் கேட்டது. கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். மறுநாள் காலை அழைப்பு, ஒரு ஸ்பீக்கரிலும் சத்தம் இல்லை. ஓடிப் போய் சுவிட்சை நிறுத்திப் போட்டேன், கேட்டது. சரி, கரண்ட் பிரச்சினை என்று திரும்பினேன். பின்னேரம் மறுபடியும் அழைப்பு. மூன்றாவது முறை போனபோது மைக்குக்குப் பதிலாக ஒரு பாட்டை ஓடவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ராக்கின் முன் நிலத்தில் இருந்தேன். நான்கு நிமிடம் இருபது செக்கனில் பாட்டு நின்றது. சுவிட்சின் விளக்கு எல்லாம் பச்சைதான், ஸ்பீக்கர் எல்லாம் முகவரியோடு நிற்கின்றன, பிங் அனுப்பிக் கூப்பிட்டால் பதிலும் வருகிறது. சத்தம் மட்டும் இல்லை. மறுபடி போட்டேன், மறுபடியும் அதே நான்கு இருபது.

காரணம் இது. சுவிட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (மல்டிகாஸ்டைக் கேட்பவர் யார் என்று சுவிட்ச் கவனிக்கிற வசதி) போட்டிருந்தேன், குவேரியர் போடவில்லை. யார் யார் இன்னும் கேட்கிறீர்கள் என்று 125 செக்கனுக்கு ஒரு தரம் கேள்வி கேட்கிற ஒருவர் நெட்வொர்க்கில் இருக்க வேண்டும், அவர்தான் குவேரியர். கேள்வி கேட்க ஆள் இல்லை என்றால் ஸ்பீக்கரும் பதில் சொல்லாது, இரண்டு முறைக்கும் ஒரு பத்துச் செக்கனுக்கும் காத்திருந்துவிட்டு, அதாவது 260 செக்கனில், இங்கே கேட்பார் இல்லை என்று சுவிட்ச் கதவைச் சாத்திவிடும். சிறிய இடத்தில் ஒன்றும் செட் பண்ண முடியாத மலிவு சுவிட்ச் போட்டால் இந்தப் பிரச்சினையே வராது, அது எல்லாப் போர்ட்டுக்கும் எல்லாவற்றையும் கொட்டும். அரைகுறையாகச் செட் பண்ணின நல்ல சுவிட்ச்தான் ஆபத்து. ஆகவே சேர், வேலையை ஏற்கும்போது மூன்று நிமிடம் பேசிப் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டாம். பாட்டைப் போட்டு அரை மணித்தியாலம் இருங்கள்.

#6 குளக்கட்டு

நான்கு நிமிடம் இருபது செக்கன், இதை நான் மறக்க மாட்டேன். ஒரு சந்தேகம். கணினி அறைச் சுவிட்சிலேயே இதையும் சேர்த்தால் என்ன? போர்ட் மிச்சம் இருக்கிறது.

#7 வயர்க்கட்டு

சேர்க்கலாம், ஆனால் வீலான் பிரித்துத்தான், அதாவது ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரித்து. ஒலிபெருக்கிக்கு ஒரு வீலான், பிள்ளைகளின் கணினிக்கு இன்னொன்று, அலுவலகத்துக்கு மற்றொன்று. உங்கள் சாதாரண சுவிட்சில் வீலான் வராது, மாற்ற வேண்டியதுதான். பிரிக்காவிட்டால் என்ன நடக்கும் என்றால், ஒரு பிள்ளை சும்மா தொங்குகிற கேபிள் முனையைச் சுவரிலுள்ள இன்னொரு சொக்கெற்றில் செருகுவான், லூப் விழும், பொட்டலங்கள் சுற்றிச் சுற்றியே ஓடும், முழு நெட்வொர்க்கும் நிற்கும், அதோடு அறிவித்தலும் நிற்கும். பிள்ளையில் பிழை இல்லை, அதைத் தாங்காத மாதிரிப் போட்டவனில்தான் பிழை. லூப்பைக் கண்டு அந்த வழியை அடைக்கிற ஆர்எஸ்டிபியும் லூப் பாதுகாப்பும் எல்லாச் சுவிட்சிலும் போடச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். ஒலிப் பொட்டலத்துக்கு டிஎஸ்சிபி 46 முன்னுரிமை, அதாவது சுவிட்ச் இதை முதலில் அனுப்ப வேண்டும் என்கிற குறி. ஸ்பீக்கர், அம்பிளிபயர் எல்லாவற்றுக்கும் நிலையான முகவரி, அதை ஒரு கொப்பியில் எழுதி அலுமாரிக்குள்.

கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். வெளியிலிருந்து பேச வேண்டுமென்று ரவுட்டரில் 5060 போர்ட்டை (இணைய வழி அழைப்பு வருகிற வாசல்) திறந்துவிடவும் கூடாது, பிள்ளைகளின் பாடசாலைக்குள் எவனோ பேசுவான்.

#8 பனையடி

நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பைபர் தூரத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் நிலையத்தில் இரண்டு கட்டடத்துக்கும் இடையில் 60 மீற்றர். 100க்குள்தானே என்று பொருத்தியவர்கள் செம்புக் கேபிளே இழுத்தார்கள், நாங்களும் சரி என்றோம். ஐப்பசியில் ஒரு பின்னேரம் இருட்டிக்கொண்டு வந்து, வளவுக்கு வெளியே நின்ற பனையில் இடி விழுந்தது. பனை எரிந்தது வேறு. கட்டடத்தில் நேராக ஒன்றும் விழவில்லை. சுவிட்சைக் கழற்றித் திறந்தபோது கருகின பிளாஸ்டிக் மணம், ஒன்பது போர்ட்டின் பின்கள் கறுத்து, ஒன்றில் சிறிய குழியே விழுந்திருந்தது. மற்றக் கட்டடத்தில் ஆறு ஸ்பீக்கர். ஒரே வினாடி.

பிறகு வந்து பார்த்த ஒரு பொறியியலாளர் விளங்கப்படுத்தினார். இடி பக்கத்தில் விழுந்தால் இரண்டு கட்டடத்தின் எர்த்துக்கும் இடையில் பெரிய வோல்ட் வித்தியாசம் வரும், அந்த வித்தியாசம் தன்னைச் சமப்படுத்த வழி தேடும், நாங்கள் போட்ட கேபிள்தான் வழி. கண்ணாடி நாருக்குள்ளால் அது ஓடாது. ஆகவே 20 மீற்றர் என்றாலும் கட்டடம் வேறு என்றால் பைபர். அதிலும் உள்ளே இரும்புக் கவசம் உள்ள பைபரை எடுத்தால் அந்தக் கவசமே கரண்டைக் கொண்டுவரும். உலோகம் ஒன்றும் இல்லாத வகையைக் கேளுங்கள், எலிக்குப் பயம் என்றால் தடித்த பைப்புக்குள் விடுங்கள்.

வெளியில் பூட்டுகிற ஹோர்னுக்குப் போகும் கேபிளில் சேர்ஜ் பாதுகாப்பு (திடீர் மின் பாய்ச்சலைத் தடுப்பது), அதற்கு எர்த். எர்த்தை மாரியில் அளந்து நல்லது என்று எழுதிவிட்டுப் போவார்கள். ஆடி ஆவணியில் மண் வெடித்துக் கிடக்கும்போது அளக்கச் சொல்லுங்கள், அப்போது வருகிற எண்தான் எண்.

இன்னொரு சிறிய விசயம். வெளிப் பெட்டியின் கேபிள் துவாரத்தை அடியில் வையுங்கள், மேலே வேண்டாம், கேபிளைத் துவாரத்துக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். எங்கள் பெட்டி ஒன்றைத் திறந்தபோது உள்ளே முசுறு கூடு கட்டி, முட்டையெல்லாம் போர்ட்டுக்குள். துவாரத்தை அடைக்கவில்லை, அவ்வளவுதான் காரணம்.

#9 பழையமாணவன்98

பனையடி எழுதியதை அப்படியே எங்கள் குழுவில் போட்டேன். ஒரு நண்பர் கேட்டார், அப்படியென்றால் நாங்கள் கொடுத்த ஸ்பீக்கர் முதல் மாரியிலேயே போயிருக்குமா என்று. போயிருக்கும் என்றுதான் பதில் எழுதினேன்.

கரண்ட் பற்றி யாராவது சொல்லுங்கள். சேர் சொன்ன அந்த நாளில் கரண்ட் இல்லை. இந்தப் புதிய முறையும் அன்று நின்றிருக்கும்தானே?

#10 இரணைமடு_ஈஈ

அறிவியல் நகர் பொறியியல் பீடத்தில் படிக்கிறேன், மின்னியல். பற்றரிக் கணக்கை நான் போட்டுப் பார்த்தேன்.

முல்லைக்கரை அண்ணை சொன்ன மாதிரிக் கட்டடத்துக்கு ஒரு சுவிட்ச், ஒரு நெட்வொர்க் அம்பிளிபயர் என்று வைப்போம். பேசாமல் இருக்கும்போது சுவிட்ச் 10 வாட், அம்பிளிபயர் 15 வாட், கூட்டினால் 25. 12 வோல்ட் 40 அம்பியர் மணிப் பற்றரியில் 480 வாட் மணி இருக்கும். ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும், ஆகவே 240. இன்வேர்ட்டர் இழப்புப் போக 200 அளவில். 25ஆல் பிரித்தால் எட்டு மணித்தியாலம், அதாவது ஒரு பாடசாலை நாள். அறிவித்தல் சில நிமிடம்தான், அந்த நேரம் 100 வாட் இழுத்தாலும் கணக்கு பெரிதாக மாறாது. பற்றரியின் வோல்ட்டுக்கே நேர் மின் உள்ளீடு உள்ள அம்பிளிபயர் கிடைத்தால் அதற்கு இன்வேர்ட்டரே வேண்டாம், பழுதாக ஒரு பொருள் குறைவு.

பற்றரி ஒவ்வொரு கட்டடத்திலும் இருக்க வேண்டும். அலுவலகத்தில் மட்டும் பெரிதாக வைத்தால் ஆரம்பப் பிரிவுச் சுவிட்ச் செத்துக் கிடக்கும், பைபர் சும்மா கிடக்கும். தகரக் கூரைக்கு நேர் கீழே, காற்றில்லாத அலுமாரிக்குள் பற்றரியை அடைக்கவும் கூடாது. வெப்பம் 10 பாகை கூடினால் ஈயப் பற்றரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

அதைவிட முக்கியம், அறிவித்தல் இணையத்தை நம்பியிருக்கக் கூடாது. சில நிறுவனங்கள் கட்டுப்பாட்டை எங்கோ இருக்கிற சேவையகத்தில் வைத்துத் தருகின்றன, படத்தில் வடிவாக இருக்கும். கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் கைத்தொலைபேசிக் கோபுரமும் போகும், மைக்கை அழுத்தினால் ஒன்றும் வராது. மைக், கட்டுப்பாட்டுக் கணினி, மணி நேரசூசி எல்லாம் வளாகத்துக்குள்ளேயே வேலை செய்ய வேண்டும். ஏற்கும்போது ரவுட்டரைக் கழற்றிவிட்டு, மெயின் சுவிட்சையும் இறக்கிவிட்டுப் பேசிப் பாருங்கள். நேரமும் அப்படித்தான். மணியடிக்கிற கருவிக்கு இணையம் இல்லாமலும் நேரம் சரியாக ஓட வேண்டும், உலகப் பொது நேரத்திலேயே விட்டு இலங்கை நேரத்துக்குச் செட் பண்ணாவிட்டால் ஐந்தரை மணித்தியாலம் பிந்தும். ஓரிடத்தில் காலை 7.30 மணி பகல் ஒரு மணிக்கு அடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

திடலில் ஹோர்ன் வைக்கிறபோது இன்னொன்று. சத்தம் 100 மில்லிசெக்கனில் 34 மீற்றர்தான் போகும். 170 மீற்றர் தள்ளி ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு ஹோர்ன் வைத்தால், ஒன்றின் அருகில் நிற்பவருக்கு மற்றதன் சத்தம் அரைச் செக்கன் பிந்தி வரும், ஒரு சொல்லும் விளங்காது. இரண்டையும் ஒரே திசைக்குத் திருப்பி, முன்னால் இருப்பதற்கு அந்தளவு தாமதம் செட் பண்ணலாம். ஐபியில் இது இலகு, பழைய லைனில் முடியாது. சுவிட்சும் கோடெக்கும் சேர்த்து வருகிற தாமதம் எல்லாக் கருவியிலும் ஒரே அளவாக இருக்கவும் வேண்டும், ஆகவே இரண்டு நிறுவனத்து அம்பிளிபயரைக் கலந்து வாங்காதீர்கள்.

#11 தேக்கங்காடு

நான் புதுக்குடியிருப்புப் பக்கத்தில் ஆரம்பப் பிரிவு ரீச்சர். நெட்வொர்க் எனக்குத் தெரியாது, ஆனால் அந்த ஸ்பீக்கரின் கீழ் நிற்கப் போவது எங்களைப் போன்றவர்கள், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பாடசாலையில் புதிய மணி பூட்டிய நாள், அவர்கள் கருவியோடு வந்த சத்தத்தையே விட்டார்கள். அது சைரன். ஏறி இறங்குகிற சைரன். பிள்ளைகள் சிரித்தார்கள், அவர்கள் போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனால் மதிய உணவு சமைக்க வருகிற ஒரு அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் நிலத்தோடு குனிந்து இருந்துவிட்டார். எழுப்பி, தண்ணீர் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். வேலிக்கு அப்பால் வீடுகளிலும் அப்படி எத்தனை பேரோ.

சேர், மணிக்கு மென்மையான ஒலி போடுங்கள், மெதுவாகத் தொடங்கிப் பிறகு கூடுகிற மாதிரி. அவசரத்துக்கும் சைரன் வேண்டாம், மணி ஒலி ஒன்று, பிறகு தெரிந்த குரலில் தெளிவான தமிழில் இரண்டு தரம் சொல்வது போதும். குரலைக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று விளங்கும், சைரனைக் கேட்டால் பயம் மட்டும்தான் விளங்கும். பூட்டுகிற நாளில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு முன்கூட்டியே ஆள் விட்டுச் சொல்லுங்கள்.

#12 முல்லைக்கரை

பிள்ளை, இதை இத்தனை வருசத்தில் நான் யோசிக்கவில்லை. கோவிலில் மைக் பார்க்கும்போது திடீரென்று கூட்டிப் பார்ப்போம். இனி இறக்கி வைத்துத் தொடங்குகிறேன்.

#13 குளக்கட்டு

எல்லோருக்கும் நன்றி. அதிபரோடும் அபிவிருத்திச் சங்கத்தோடும் இரண்டு தரம் இருந்து பேசியாயிற்று. இப்போதைக்கு முடிவு இப்படி நிற்கிறது.

நாற்பது ஐபி ஸ்பீக்கரை விட்டுவிட்டோம். ஏழு கட்டடத்துக்கும் கட்டடத்துக்கொன்றாக நெட்வொர்க் அம்பிளிபயர், உள்ளே 100 வோல்ட் லைன் இரண்டு. அலுவலகத்திலிருந்து ஒவ்வொரு கட்டடத்துக்கும் நான்கு இழைச் சிங்கிள் மோட் பைபர், உலோகம் இல்லாதது. கட்டடத்துக்கொரு பற்றரி. திடலுக்கு மட்டும் இரண்டு ஹோர்ன், ஒரே திசையில். விலைப்பட்டியலில் ஒரு வரியாக இருந்தது இப்போது இரண்டரைப் பக்கம், குவேரியர் எந்தச் சுவிட்சில் என்பதுவரை எழுதச் சொல்லியிருக்கிறோம். நிறுவனத்தார் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு எழுதித் தந்தார்கள். மணி ஒலிக்கு எங்கள் சங்கீத ரீச்சர் வீணையில் மூன்று சுரம் வாசித்துப் பதிந்து தந்திருக்கிறார்.

பைபருக்குக் குழி வெட்டும் வேலையைப் பெற்றோர் பொறுப்பெடுக்கிறார்கள். அதில்தான் கடைசிக் கேள்வி. ஆரம்பப் பிரிவுக்குக் குறுக்கு வழி பழைய பற்றைக் காணியின் ஓரத்தால் போகிறது, நேராகப் போனால் 90 மீற்றர் மிச்சம். எவ்வளவு ஆழம், அந்த வழி சரியா?

#14 பனையடி

அந்தப் பற்றைக் காணி கண்ணிவெடி அகற்றிப் பாரம் கொடுத்த நிலம்தானா என்று முதலில் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். கடதாசி இல்லாமல் மண்வெட்டி வைக்க வேண்டாம், பெற்றோரை இறக்கவே வேண்டாம். சந்தேகம் என்றால் பிள்ளைகள் தினமும் நடக்கிற பாதை ஓரத்தாலேயே சுற்றிப் போங்கள், பைபருக்கு 90 மீற்றர் கூடினால் ஒன்றும் ஆகாது.

ஆழம் இரண்டு அடி. பைப்புக்கு மேல் ஒரு அடி மண் போட்டு மஞ்சள் நாடா, அதற்கு மேல் மிச்ச மண். மண் வெட்டுகிற பெக்கோ இயந்திரம் வந்து வெட்டினாலும் நாடா முதலில் கிழிந்து காட்டிக்கொடுக்கும். பைப்பை ஒரு அளவு பெரிதாகப் போட்டு உள்ளே வெறும் நைலோன் கயிறு ஒன்றும் விடுங்கள், பிறகு இன்னொரு கேபிள் இழுக்க வேண்டி வந்தால் உதவும்.

#15 பழையமாணவன்98

எங்கள் குழுவில் நேற்றிரவு பேசினோம். ஸ்பீக்கருக்கு ஆளுக்கொன்று என்று பிரித்திருந்ததை மாற்றி, ஆளுக்கு இவ்வளவு மீற்றர் பைபர், கட்டடத்துக்கொரு பற்றரி என்று பிரித்துவிட்டோம். ஆரம்பப் பிரிவுப் பற்றரியை நான் எடுத்தேன், நான் அங்கேதான் முதலாம் வகுப்புப் படித்தேன். நான்கு வருசத்துக்கு ஒருதரம் அதை மாற்றுகிற செலவும் என்னுடையது, எழுதி வையுங்கள்.

#16 குளக்கட்டு

அண்ணா, எழுதி வைத்துவிட்டேன். பனையடி, காணிக் கடதாசி பார்க்கத் திங்கட்கிழமை பிரதேச செயலகம் போகிறேன். கிடைக்கும்வரை பாதை ஓர வழிதான், அளந்தால் 430 மீற்றர் வருகிறது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அலுவலகப் பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்குகிறோம். மூடுவதற்கு முன் ஒவ்வொரு வளைவையும் சுவரிலிருந்து அளந்து, படம் எடுத்து இங்கேயும் போடுகிறேன்.